ராஜலக்ஷ்மி பிள்ளையின் ஏழாவது புத்தகம்

ராஜலக்ஷ்மி பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் கோயிலுக்கு வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. பெயரையும் பொட்டையும் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர் சிரித்துத் தலையாட்டுவார்.

அவருடைய மொழி ஆஃப்ரிகான்ஸ். தென்னாப்பிரிக்காவில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு வறண்ட ஊரில் அவருடைய அப்பா துணிக்கடை வைத்திருந்தார். அங்கே வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. டச்சுக்காரர்களோடு வந்து, அந்த மண்ணில் வேறாகிப்போன மொழி அது. வெள்ளைக்காரர்கள் அதில்தான் சட்டம் போட்டார்கள். தெருப் பிள்ளைகள் அவரை விளையாடக் கூப்பிட்டதும் அதில்தான்.

பிறகு அதே ஊர் நூலகத்தில் வேலை பார்த்தார். சிறுவர்களுக்கு அந்த மொழியில் ஆறு நாவல்கள் எழுதினார். காற்றில் சுற்றும் நீரிறைப்பான்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறுமி, அவளுடைய நாய். எந்த அத்தியாயத்தையும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாமல் முடித்ததில்லை. ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்தால், முழங்காலைச் சொறிந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. அன்று மாலையே அந்த இடம் வெட்டப்படும். பெரியவர்களுக்குப் படித்துக் காட்டியதில்லை. அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கணவர் வெங்கடாசலம் டர்பன்காரர். பள்ளியில் அந்த மொழியைக் கட்டாயமாகப் படிக்கவைத்த ஆத்திரம் அவருக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் ஆங்கிலம்தான். அல்டமாண்ட் மலைகளின் காற்றாலைகளில் அவருக்கு வேலை கிடைத்து இருவரும் வந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை.

ஏழாவது நாவலை வந்த வருடமே எழுதிவிட்டார். ஒன்பது அத்தியாயங்கள். ஒன்றைக்கூட எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஊர் நூலகத்தை மூடிவிட்டார்கள். ஒரு முறை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் படித்துப் பார்த்தார். பிள்ளைகள் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சான் ஹோசே பக்கம் இருந்த தென்னாப்பிரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். நாவல் முடியவில்லை என்றே அவர் எண்ணினார்.

சில மாதங்களுக்கு முன் கோயில் உணவு வரிசையில் தமிழ்ப் பள்ளியை நடத்தும் சண்முகப்ரியா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க சில்ட்ரன்ஸ் ரைட்டராமே! வெங்கட் அங்கிள் சொன்னார். ஆனுவல் டேக்கு வந்து ஒரு ஸ்டோரி ரீட் பண்ணணும். நாப்பது கிட்ஸ். இங்கிலீஷ் மட்டும் அலவுட் இல்ல, ஓகேவா?"

அவள் பேச்சில் பாதி ஆங்கிலம். மீதியை ராஜலக்ஷ்மி ஊகித்துக்கொண்டார்.

"ஆங்கிலத்தில் நான் எழுதியதே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எந்த மொழி என்று ப்ரியா கேட்கவில்லை. நாற்பது என்று காதில் விழுந்த பிறகு ராஜலக்ஷ்மியும் சொல்லவில்லை.

ஆண்டு விழாவில் அவரைத் தென்னாப்பிரிக்கத் தமிழ் எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நோட்டைத் திறந்து ஏழாவது நாவலின் நான்காம் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் சாய்ந்தார். "இது எந்த ஊர்த் தமிழ்ங்க?"

"மொரீஷியஸ் ஸ்லாங்கா இருக்கும்."

"ஒரு வார்த்தைகூடப் பிடிபடலயே."

"உங்களுக்கு நம்மூர் டிவி செய்தியே பிடிபடாது. சும்மா கேளுங்க."

ராஜலக்ஷ்மி பிள்ளைகளை மட்டும் பார்த்தார். நாற்பது பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. புரியாத பேச்சுக்கு அடியில் அசையாமல் உட்காருவதில் அவர்களுக்கு ஞாயிறுதோறும் பயிற்சி இருந்தது. பெரியவர்கள் தட்டியபோது தட்டினார்கள். பக்கங்களின் ஓரம் சுத்தமாக இருந்தது.

செருப்பு வைக்கும் இடத்தில் ப்ரியா வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"தமிழ் இல்லன்னு சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. பேரன்ட்ஸ் எல்லாம் என்னைத்தான் கேக்கறாங்க."

"சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பாயா?" என்று ராஜலக்ஷ்மி ஆங்கிலத்தில் கேட்டார்.

ப்ரியா தன் செருப்பைத் தேடினாள். அவளுடைய எட்டு வயது மகள் வெண்பா ஒரு காலில் ஷூவோடு நிமிர்ந்தாள்.

"தி டாக் வாய்ஸ்? யூ டிட் இட் த்ரீ டைம்ஸ். டூ வாஸ் இனஃப்."

"வெண்பா! ஸே சாரி டு ஆன்ட்டி."

ராஜலக்ஷ்மி கைப்பையில் பென்சிலைத் தேடினார். நாய் மூன்றாவது முறை குரைக்கும் வரிக்குப் பக்கத்தில் கோடு போட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் கோடு.

"இன்னும் எட்டு அத்தியாயம் இருக்கிறது. கேட்பாயா?"

"இஸ் இட் லாங்?"

"இவ தமிழ்லயே பதில் சொல்ல மாட்டேங்கறா ஆன்ட்டி. நீங்க வேற இன்னொரு லாங்வேஜ்..." ப்ரியா முடிக்காமல் மகளைப் பார்த்தாள். "சரி, நெக்ஸ்ட் சண்டே இங்க கூட்டிட்டு வரேன். மதியம் மூணு மணிக்கு."

அடுத்த ஞாயிறு கோயில் கார் நிறுத்துமிடத்தில் ராஜலக்ஷ்மி இரண்டரைக்கே வந்துவிட்டார். மூன்றே காலுக்கு ப்ரியாவின் கார் வந்தது. அவள் மட்டும் இறங்கினாள்.

"சாரி ஆன்ட்டி. அவளுக்கு இன்னிக்கு சாக்கர் கேம். வரவே மாட்டேன்னுட்டா." அவருடைய காரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குப் படிச்சுக் காட்டுங்களேன். நான் கேக்கறேன்."

மறுக்கத் தெரியாமல் ராஜலக்ஷ்மி ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தார். ப்ரியா ஃபோனைத் தொடவில்லை. கடைசி வரிவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்தது ஆன்ட்டி. ரியலி."

"நன்றி" என்றார். நோட்டை மூடிவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தார். பிறகு, "எந்த மைதானம்?" என்று கேட்டார்.

"ஐயோ, அங்க ஒரே கத்தலா இருக்கும். ஒரு வார்த்தை கேக்காது."

"ஆட்டம் எப்போது முடியும்?"

"நாலரைக்கு. ஆனா அவ உடனே ஸ்நாக் கேப்பா, டயர்டா இருப்பா..."

ராஜலக்ஷ்மி காரைக் கிளப்பினார்.

"சீட் பெல்ட் போட்டுக்கொள்" என்றார்.