ரோலருக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

1. கண்ணாடி

ரோடு ரோலர் ஓட்டுகிறவனுக்கு வீடு பின்னாலேயே வரும். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அறுபதுகளில் அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் நாங்கள் ரோடு போட்டபோது என் ரோலரின் பின்கொக்கியில் ஒரு கேரவன் மாட்டியிருக்கும். மரச்சட்டம், மேலே தகரம், உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரே ஒரு ஜன்னல். ரோடு எதுவரை போகிறதோ அதுவரை வீடும் போகும். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், வாத்துக்கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிருக்கிறது.

அந்தக் கேரவனில் குடித்தனம் நடத்தத்தான் என் மனைவி லூர்து தூத்துக்குடியிலிருந்து வந்தாள். கல்யாணமான கையோடு நான் கப்பலேறிவிட்டவன். அவளை அழைத்து வைத்துக்கொள்ள ஓவர்சியரிடம் நடையாய் நடந்து பெர்மிஷன் வாங்கியிருந்தேன்.

மழை தொடங்கும் சமயத்தில், ஒரு வளைவில் மரக்கிளை உரசி ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கட்டிலெல்லாம் சிதறியது. நல்லவேளை, லூர்து ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

ஓவர்சியர் நாகர்கோயில்காரர். பேச்சு கொஞ்சம், கோபம் ஜாஸ்தி. மறுநாள் வந்து கேரவனுக்குள் தலையை நீட்டினார். முந்தின ராத்திரி மழையில் மெத்தை ஊறிக் கிடந்தது.

"பிள்ளத்தாச்சிப் பொண்ண இதுலயா படுக்க வச்சிருக்க? அடுத்த சிப்புல மெயின்லேண்டுக்கு அனுப்பிரு. நீ ஆளுங்களோட பாரக்ல வந்து படு."

"கண்ணாடி மாட்டிருதேன் சார்."

"அடுத்த ரவுண்டுக்கு வருவேன். உள்ள ஒரு சொட்டு ஈரம் பாத்தேன்னு வையி, டிக்கெட்ட நானே எடுத்துருவேன். சமஜ் கயா? புரிஞ்சுதா?"

லூர்து தகரப்பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சேலைகளையே எடுத்து மறுபடி மடித்தாள். இனி ஒரு தடவை பிரிந்தால் பிள்ளை என்னை மாமா என்று கூப்பிடும் வயதில்தான் பார்ப்பேன்.

போர்ட் பிளேயர் பஜாரில் கண்ணாடி கிடைக்கவில்லை. எல்லாம் கப்பலில் வந்தால்தான் உண்டு. கடைசியாகக் கீழக்கரை பாய் கடைக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை அது.

"கப்பல் எப்ப வருமோ, தம்பி. அப்பிடி என்ன அவசரம்?"

சொன்னேன். பாய் எழுந்து, முன்னால் இருந்த ஷோகேஸிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின்மேல் அடுக்கினார். பிறகு அதன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாய், ஒங்க கடைக்கு?"

"எனக்குக் கப்பல் வந்தாப் போதும். ஒனக்கு அதுக்கு முந்தி மழ வந்துருமே. பத்திரமாக் கொண்டு போ."

பின்னால் கப்பலில் கண்ணாடி வந்ததும் அந்த ஷோகேஸுக்கு நானே போய் மாட்டிக் கொடுத்தேன். இருந்தாலும் அந்தக் கடன் தீர்ந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

2. லப்பம்

வேலையைச் சொல்கிறேன், உதவும். முதலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் கட்டைகளை உடையாமல் நெம்பி எடுக்க வேண்டும். இடுக்கை அடைத்திருக்கும் பழைய லப்பத்தைச் சுரண்டி, மரம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். என் சட்டத்தின் கீழ்க்கட்டை உளுத்திருந்தது. அதை வெட்டிவிட்டுப் படாக் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கிப் பொருத்தினேன். ஸ்டவ்வைப் பக்கத்தில் வைத்து மரத்தைக் காய வைத்தேன். ஈர மரத்தில் எதுவும் ஒட்டாது. கண்ணாடியைச் சட்டத்துக்கு ஒரு நூல் குறைவாக அறுக்க வேண்டும். மரம் மழையில் உப்பும். இடம் விடாவிட்டால் கண்ணாடி தெறித்துவிடும்.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். நாலு பக்கமும் சீமைச்சுண்ணாம்புத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த லப்பம் வைத்து அடைத்தேன். கல் மாதிரி இறுகியது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அடுத்த கேம்புக்கு இழுத்துப் போனோம். ஜல்லி ரோட்டில் கேரவன் குலுங்கிய குலுக்கலில் லப்பம் முழுக்க வெடித்துவிட்டது. அன்று பெய்த மழை நேராக லூர்தின் தலையணையில் சொட்டியது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"சிரிக்கவா செய்யுத? ஓவர்சியர் வந்தா உன்னக் கப்பல்ல ஏத்திருவாரு."

"ஓடுற வண்டிக்குப் போயி வீட்டு மருந்தப் போட்டிருக்கிய. வள்ளத்துக்கு யாராவது சுண்ணாம்பு பூசுவாவளா? எங்கப்பா வள்ளத்து இடுக்கெல்லாம் அடைச்சுக் கலப்பத்து அடிக்கிறதப் பாத்து வளந்தவ நான். மொதல்லயே என்ட்ட கேக்கதுக்கு என்ன?"

கேட்கத் தோன்றவில்லை. ரோலர் ஓட்டுகிறவன் என்ற மிதப்பு.

3. கலப்பத்து

குங்கிலியத்துக்கு இந்தக் காட்டில் பஞ்சமில்லை, மரத்திலேயே வழிந்து உறைந்திருக்கும். அதைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினோம். லூர்துதான் பதம் பார்த்தாள். "எண்ணெ கூட விடுங்க. இறுகக் கூடாது, இழுபடணும்." பருத்தி நூலை அதில் தோய்த்து, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே உளியின் மொட்டைப் பக்கத்தால் தட்டித் தட்டி இறக்கினோம். கீழ்ப் பீடிங்கில் நான் கைவைத்தபோது தடுத்தாள்.

"அத முழுசா அடைக்காதிய. வெளிப்பக்கமாப் பாத்து ரெண்டு ஓட்ட விடுங்க. எந்த வள்ளத்துலயும் தண்ணி வரத்தான் செய்யும். வந்தாப் போறதுக்கு வழி வேணும்."

பிறகு சோதனை. நான் வெளியே நின்று வாளி வாளியாக ஊற்றினேன். அவள் உள்ளே நின்று, உள்ளங்கையைச் சட்டத்தின் ஓரமாக ஓட்டிப் பார்த்து, ஈரமில்லை என்று தலையாட்டினாள். நான் இன்னொரு வாளி ஊற்றினேன். தேவையில்லைதான். கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

4. ரவுண்டு

ஓவர்சியர் வந்த அன்று பேய்மழை. குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலடியில் விரலால் தடவினார், மெத்தையை அமுக்கினார், கீழே இருந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். லூர்து கறுப்புச் சாயா கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"இது என்ன மருந்து?"

"குங்கிலியம் சார். எங்கப்பா வள்ளத்துக்குப் போடுறது" என்றாள் லூர்து.

"மிச்சம் இருக்கா?"

லூர்து ஸ்டவ்வடியில் இருந்த சட்டியைக் காட்டினாள். அவர் மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"என் க்வார்ட்டர்ஸ்லயும் ஜன்னல் ஒழுகும், கேட்டியா. வீட்டுக்காரி ஒரு மழக்காலம் இருந்து பாத்தா. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிப்போச்சு. அடுத்த சிப்புல ரெண்டு பேரையும் ஏத்தி விட்டேன்."

அவர் ஏன் அப்படிக் கடுகடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. லூர்து மீதி இருந்ததைப் பால்டப்பாவில் வழித்துக் கொடுத்தாள். "சூடு பண்ணிப் போடணும் சார்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவருடைய ஜன்னல்களைச் செய்து கொடுத்தேன். உளியை அவரே எடுத்துக் கொடுத்தார். லூர்துக்கு டிக்கெட் எடுக்கும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

ஓடுகிற பொருளுக்கு இறுகுகிற மருந்து ஆகாது. தண்ணீர் வரவே வராது என்று நம்பி எதையும் அடைக்கக் கூடாது. இத்தனை வருஷ வேலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

மழை விட்டபின் வந்த கப்பலில் ஓவர்சியர் வீட்டம்மா பிள்ளையோடு வந்தார்கள். சாமான் இறக்க என்னையும் ஜெட்டிக்குக் கூப்பிட்டிருந்தார். கப்பல் நெருங்க நெருங்க மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று காலையிலிருந்து கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"அந்தோணி, ஜன்னலு பக்காதானே?"

"தண்ணி வந்தாலும் போறதுக்கு வழி வச்சிருக்கேன் சார்" என்றேன். "நீங்க முன்னால போய் நில்லுங்க. பிள்ள தேடும்."