வெடிக்காத டயர் கேட்டவர்

என் கார் பஞ்சரானபோது அரியலூர் டயர் கடையில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். திருவிழாக்களில் ராட்டினம் சுற்றிவிடுகிறவர். டிராக்டரில் கோர்த்து இழுத்துவந்த கூரை போட்ட டிரெய்லர்தான் அவர் குடும்பத்துக்கு வீடு. போன மாதம் செந்துறைப் பக்கம் அதன் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்ததில் மூத்த மகள் இறந்துவிட்டாளாம். கடைக்காரர்தான் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

அவர் ஒவ்வொரு டயரையும் உருட்டி, உள்ளங்கையால் சுற்றிலும் தடவி, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“இது வெடிக்காதுல்லண்ணே?”

“புது டயருங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க.”

“அன்னைக்கு வெடிச்சதும் புதுசுதாங்க” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களா இருந்தா இத நம்பி ஒங்க புள்ளைய ஏத்துவீங்களா?”

நானும் குனிந்து அந்த டயரைத் தடவிப் பார்த்தேன். அவர் கண்கள் என்னை விடவில்லை.

கடைசியில் இரண்டு டயர்களை மாட்டிக்கொண்டார். பிறகு, டிரெய்லரில் உட்கார்ந்திருந்த மனைவியையும் சின்ன மகளையும் இறக்கிப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

“நீங்க முன்னாடி போங்க. நான் வந்துடறேன்.”

தனியாக டிராக்டரைக் கிளப்பினார். நான் திருச்சிக்குப் போகவேண்டியவன். ஆனாலும் பெரம்பலூர் வரை அவர் பின்னாலேயே மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.