மிதக்கத் தொடங்கிய மரவீடு

சில வருடங்களுக்கு முன், புயல் மழை கொட்டிய ஒரு டிசம்பர் காலையில் நடந்தது இது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கழிமுகத்தை ஒட்டி எங்கள் வீடு. என் கணவர் காசிமேட்டில் மரப்படகு கட்டும் தச்சர். மழை வந்தாலே குடிசை ஒழுகும். பாத்திரம் வைத்து வைத்தே அலுத்துப்போய், "ஒரு சொட்டு தண்ணி உள்ள வராத வூடு வேணும்யா" என்று பிடித்துக்கொண்டேன்.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. கப்பலில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுத்து வரும் கட்டைகளைத் தண்டையார்பேட்டையில் வாங்கிவந்தார். ஞாயிறு தவறாமல் வாய்ச்சி என்கிற தச்சுக் கோடாலியால் செதுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி காடி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார். இடுக்குகளில், படகுக்குச் செய்வதுபோலவே பஞ்சுத் திரி திணித்து, குங்கிலியம் காய்ச்சி அடைத்தார். பலகைத் தரைக்கும் அதே வைத்தியம். வாசற்படி முழங்கால் உயரம். மொத்த வீட்டையும் செங்கல் தூண்கள்மேல் உட்காரவைத்தார். தெரிந்த கொத்தனார் ஒருவர், "அடியில தூணோட சேத்து இரும்பு போட்டு முடுக்கிடு நைனா" என்றார். "இம்மாங் கனம், எங்க போவப் போவுது?" என்று இவர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். படகு கட்டுகிறவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

அந்தக் காலையில் கழிமுகத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, டீ கூடப் போட்டேன். அப்போதுதான், ஏற்கெனவே இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த என் மாமியார், "டேய், வூடு ஆடுதுடா" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே இருந்த மின்கம்பம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் நகர்கிறோம் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வீடு தூணைவிட்டுக் கிளம்பி, கழிமுகப் பக்கமாக இழுபட்டது.

கணவர் படகுக் கயிற்றை வீசிக் கம்பத்தோடு கட்டினார். கயிறு முறுகியது. எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. மாமியாரைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. தரையை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டால்தான் வீடு கீழே உட்காரும். அவருக்கும் அது தெரியும். வாய்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னாய்யா பாத்துகினு கீற? வெட்டுய்யா!" என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முதல் வெட்டு வெட்டினார்.

தண்ணீர் பொங்கி ஏறியது. வீடு பெரிய சத்தத்தோடு சாய்வாக உட்கார்ந்தது. அரிசி, துணிமணி, டிவி எல்லாம் போயிற்று. குப்பத்து ஆட்கள் ஃபைபர் படகில் வந்து எங்கள் மூவரையும் ஏற்றிப்போனார்கள்.

வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், சுவர்கள் கொஞ்சம்தான் பிசகியிருந்தன. "ஊர்ல எந்த போட்டு ஓட்டன்னாலும் அடைக்கிற, இத்த அடைக்க மாட்டியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தானா வுழுந்த ஓட்ட. இது நான் வெட்டுனது" என்றார். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டைகளை யார் யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இப்போது திருவொற்றியூரில் வாடகைக்கு இருக்கிறோம்.

வெட்டச் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் எட்ட நின்று கத்தாமல், பக்கத்தில் போய் அந்த வாய்ச்சியில் நானும் ஒரு கை வைத்திருந்தால், அந்த வெட்டின் பாரத்தை அவர் ஒருவரே சுமந்துகொண்டிருக்க மாட்டாரே என்று மனசு அடித்துக்கொள்கிறது.