நாற்காலி இல்லாத கூடாரம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. அதன் முதல் மாடியில், காட்டன் புடவைப் பிரிவில், பெர்சிஸும் நானும் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நிஜமாகவே நின்றோம். மதியச் சாப்பாட்டு இருபது நிமிஷம் தவிர நாள் முழுக்க உட்காரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமுவார்.

அவளுக்கு விம்கோ நகர், எனக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர், அவள் வீட்டில் ஏசு. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு கையாலும் வேதப்புத்தகத்தை மறு கையாலும் பிடித்திருப்பாள். எனக்கு அவளைச் சீண்டாமல் சோறு இறங்காது.

ஒரு வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில் அவள் சபையின் பெண்கள் சங்கத்தில் அவளைப் பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு, அந்தக் கால இஸ்ரவேலரின் பலிகளும் அவற்றைச் செலுத்திய ஆசாரியர்களும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

"ஆட்டுக் கொழுப்பு, குண்டிக்காய், சாம்பல்னு பக்கம் பக்கமா கீதுடி. இத்த வச்சிகினு இன்னா பேசறது?"

"ஆட்ட வெட்டினா பாவம் போய்டுமா? எங்கள்ல அந்தப் பேச்சே கெடையாது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அதான்டி எனக்கும் புரியல. போய்ட்டா, எதுக்கு மறுநாளும் வெட்டணும்?"

அது மாசி முகூர்த்த நேரம். கூட்டம் நெரிந்தது. அவளைப் பேசச் சொன்ன நாலாம் நாள் மதியம், கை கழுவும் இடத்தில் புடவையைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் சுற்றியிருந்த பேண்டேஜை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அவிழ்த்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"யசோ, அவங்க கோயிலா வச்சிருந்த அந்தக் கூடாரத்துல மேசை கீது, விளக்கு கீது, தூபம் போட பீடம் கீது. ஆசாரியன் உட்கார ஒரு முக்காலிகூட இல்லடி."

"அதுக்கு?"

"அவங்களும் நம்மளாட்டம் நின்னுகினேதான் வேல செஞ்சிகீறாங்க. வேல முடியவே இல்ல. அதான் உட்காரல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பேசுவதைக் கேட்க நானும் போனேன். அவள் சபைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஹால், நாற்பது பெண்கள். ஆரம்பத்தில் பெர்சிஸின் குரல் நடுங்கியது. தன் காலைப் பற்றிச் சொன்ன பிறகு சரியாகிவிட்டது.

"காலைல ஒரு ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஒண்ணு. நாளைக்கி மறுபடியும். அந்த ஆசாரியன் செத்தா அவன் புள்ள வந்து நிப்பான். ஏசு ஆட்டக் கொண்டாரல. தன்னையே குடுத்தாரு, ஒரே வாட்டி. அப்பால போய் பிதாவோட வலது பக்கத்துல உட்கார்ந்தாரு. உட்கார்ந்தாருன்னா வேல முடிஞ்சி போச்சின்னு அர்த்தம்."

முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கை தூக்கினார். "கிருபாசனம்னு ஒண்ணு கூடாரத்துக்குள்ள கீதேம்மா? ஆசனம்தானே அது?"

பெர்சிஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"அது ஆசாரியனுக்கு இல்லம்மா. ஆண்டவரோட எடம். வருஷத்துல ஒரு நாள் ரத்தத்த எடுத்துகினு உள்ள போவான். தெளிச்சிட்டு வெளிய வந்துடுவான்."

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு, "எல்லாம் முடிஞ்சிதுன்ற, நீ மட்டும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? உட்காரு" என்று தன் நாற்காலியையே தள்ளிவிட்டார். ஹாலே சிரித்தது. பெர்சிஸ் உட்கார்ந்தாள். மீதியை உட்கார்ந்தபடியே பேசி முடித்தாள்.

எனக்கு அந்த ரத்தம் இன்றுவரை ஒப்பவில்லை. ஆனால் அவள் சொன்னதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் போட்டார்கள். அதற்குள் அவள் கால் கெட்டுவிட்டது. 2023இல் வேலையை விட்டு எண்ணூரில் தம்பி எபினேசர் வீட்டோடு போய்விட்டாள்.

கடைசி நாள் லாக்கரைக் காலி செய்யும்போது வேதத்துக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. எங்கள் மாடியில் வேலை செய்தவர்கள் எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. முதல் பெயர் கிருஷ்ணப்பன்.

"இன்னாடி இது?"

"பிரதான ஆசாரியன் இஸ்ரவேலரோட பன்னெண்டு கோத்திரத்து பேரையும் கல்லுல வெட்டி நெஞ்சுல மாட்டிகினு உள்ள போவான். இப்ப நம்பறவங்க எல்லாருமே ஆசாரியருங்கதான். ஆடு வோணாம். பேரச் சொல்லி வேண்டிக்கினா போதும்."

"நான் உங்க கோயில் இல்லியே."

"பேஜார் பண்ணாதடி."

ஒன்பதாவதாக நான் இருந்தேன், 'யசோதா' என்று. பேனாவை வாங்கி 'யசோதரா' என்று திருத்தினேன். இத்தனை வருஷமாக யாரோ ஒரு யசோதாவுக்கு வேண்டியிருக்கிறாய் என்றதும் அவள் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் சீண்ட ஆளில்லாமல் நான் மதியச் சாப்பாட்டைப் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்.