மூக்காயியின் வாக்குமூலம்

மூக்காயி எங்கள் கல்லூரியில் ஏழு வருஷம் ஆயாவாக இருந்தாள். அவள் பேசியதைப் பதிந்த காகிதம் ஆபீசில் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவன் நான். அங்கே கிளார்க்காக இருந்தேன். என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1955-இல் பெண்களையும் சேர்ப்பது என்று முடிவானபோது புதுக்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு தண்ணீர்ப் பானை, ஓர் ஆயா. மூக்காயி கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கட்டியவன் மலேயாவுக்குப் போனவன், கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. "இருக்கானா போயிட்டானான்னு தெரியல. தாலியக் கழட்டவும் முடியல, நம்பவும் முடியல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கல்லூரியில் ஒரு பழக்கம். மணி அடித்ததும் பெண்கள் நேராக வகுப்புக்குப் போகக் கூடாது. பாடம் நடத்துகிறவர் அந்த வழியாக வரும்போது மூக்காயி அறைக் கதவைத் திறந்துவிடுவாள். அவர் முன்னே போவார், ஒன்பது பேரும் வரிசையாகப் பின்னே போவார்கள். திரும்புவதும் அப்படியே. பையன்கள் சேட்டை செய்யாமல் இருக்க இந்த ஏற்பாடு. வாத்தியார் பின்னால் போனால் பத்திரம் என்று பிரின்சிபால் முதல் பெற்றவர்கள்வரை எல்லோரும் நம்பினோம்.

உண்மையில் பையன்களுக்கு மூக்காயி ஒருத்தியே போதும். ஜன்னல் வழியாகக் காகித அம்பு வந்து விழுந்தால், "எவன்டா அவன்? இங்கிட்டு வா. ஒங்க அக்காளுக்கு எழுதுனது அட்ரஸ் மாறி வந்துருச்சுடா!" என்று கூவுவாள். அம்பு விட்டவன் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

1958-இல் மீமிசலிலிருந்து அடைக்கலமேரி வந்தாள். கருவாட்டு வியாபாரியின் மகள். டாக்டராக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு பி.யூ.சி.யில் சேர்ந்தவள். ரசாயனத்தில் அவள் மார்க்கை எந்தப் பையனாலும் நெருங்க முடியவில்லை.

ரசாயனக் கூடத்தின் ஓரத்தில் தராசு அறை என்று ஒரு சின்ன அறை உண்டு. காற்றுப் பட்டால் தராசு ஆடும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் எடை பார்ப்பார்கள், ஒவ்வொருவராக. பெண்கள் போகும்போது மட்டும் விரிவுரையாளரும் கூடப் போனார். அவர் பெயரை எழுதி என்ன ஆகப் போகிறது? இன்றைக்கு அவர் பெயரில் ஆண்டுவிழாவில் ஒரு பரிசே கொடுக்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடைக்கலமேரி வரிசையை விட்டுத் தனியாக ஓடி வந்தாள். ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. வராந்தாவில் நின்ற நான் அதைப் பார்த்தேன். மூக்காயி அவளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "நீ வாயத் தொறக்க வேணாம் தாயி, நான் பேசுறேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, அனுமதி கேட்காமல் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தாள்.

மூன்று பேர் கமிட்டி வைத்தார்கள். மூவரும் ஆண்கள். வாக்குமூலம் எழுத நான்.

"என்னம்மா நடந்தது?"

"தராசு ரூம்ல வச்சு, வாத்தியாரய்யா புள்ளையக் கையப் புடிச்சிட்டாருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை ஒருவன் என்ன செய்திருந்தாலும் அதைச் சொல்ல இந்த ஒரு வார்த்தைதான். மானமுள்ள யாரும் அதற்குமேல் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த வார்த்தை விழுந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். கமிட்டியில் இருந்த மூவரும் இந்தச் சீமையில் பிறந்தவர்கள். ஒருவருக்கு மூன்று பெண்கள். அவர்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கையைத்தானே?" என்றார்.

"ஆமாங்க! கையப் புடிச்சிட்டாருங்க!" மூக்காயி அதையே அழுத்திச் சொன்னாள். அதைவிடப் பெரிய வார்த்தை அவளிடம் இல்லை.

"எழுதிக்கொள்ளும்" என்றார் அவர்.

எழுதினேன்: 'விரிவுரையாளர் மாணவியின் கையைப் பிடித்தார்.' என் பேனா கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம் அது. மூக்காயி கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. எழுதுகிறவன் தெரிந்தவன்தானே என்று நம்பினாள்.

தராசைக் கையாளக் கற்றுக்கொடுக்கும்போது கையைப் பிடிப்பது ஆசிரியர் பணியில் அடங்கும் என்று கமிட்டி தீர்ப்புச் சொன்னது. அடைக்கலமேரியின் அப்பா வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் டி.சி. வாங்கிப் போனார். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் பெண்களுக்குச் செய்முறை வகுப்பு உள்ள நாளெல்லாம் மூக்காயி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசு அறை வாசலில், கதவைச் சாத்த முடியாதபடி போட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

"காற்று வருது. தராசு ஆடும்" என்று விரிவுரையாளர் கத்தினார்.

"ஆடட்டுங்க. தராசுதான ஆடுது."

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த நாலு வருஷத்தில் ஒரு பெண்கூடப் பாதியில் நிற்கவில்லை. 1962-இல் அந்த விரிவுரையாளர் துறைத் தலைவர் ஆனார். ஆயா தன் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று ஆர்டர் வந்தது. மூக்காயி மறுநாளும் ஸ்டூலோடு தராசு அறை வாசலுக்கே போனாள். வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டு ஆர்டரையும் டைப் அடித்தவன் நானேதான்.

கடைசி நாளில் ஆபீசுக்கு வந்தாள். "கிளார்க்கய்யா, அன்னைக்கி நான் சொன்னத எழுதுனீங்கள்ல, அதக் கொஞ்சம் வாசிங்க. நான் எதையும் தப்பாச் சொல்லி அந்தப் புள்ளையக் கெடுத்துட்டனோன்னு நாலு வருசமா மனசு அறுக்குது."

கோப்பை எடுத்து வாசித்தேன். ஒரே ஒரு வரி.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கையின்னு சொன்னா, கையின்னே எழுதிட்டீங்களா?"

"நீ சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

அவள் கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த ஜூனில் பதினாலு பெண்கள் சேர்ந்தார்கள். தராசு அறைக் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. பாதியில் நின்ற இரண்டு பெண்களின் டி.சி.யில், காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அப்படி எழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.