தீர்த்தம் தெளித்த அங்கிகள்

வீடு வெள்ளவத்தையில், வேலை முகத்துவாரத்துக் கரையில். இரண்டு பஸ் மாறி, ஒரு கையில் குடையும் மறு கையில் வலைக்கண் அளக்கும் கோலுமாக ஜெகதீஸ்வரி மணலில் இறங்குமுன்னே செய்தி படகுக்குப் படகு ஓடிவிடும். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. "மிஸ் வாறா, மிஸ் வாறா!" உடனே சிறுகண் வலைகள் தார்ப்பாய்க்குள் ஒளியும். குஞ்சு மீன்கள் கூடையின் அடிக்குப் போகும். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகள் மட்டும் எங்கிருந்தோ முளைத்து ஆண்களின் மார்பில் ஏறும்.

இருபத்திரண்டு வருடமாகக் கடற்றொழில் பரிசோதகராக இருப்பவருக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாதா? தடை செய்த வலையைப் பிடித்தால் விடமாட்டார். ஆனால் வலையைப் பறிகொடுத்தவனுக்கே அடுத்த நாள் மானிய வலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். ஏச்சும் அவரிடம், உதவியும் அவரிடம் என்று கரைக்குப் பழகிவிட்டது.

அங்கி விஷயத்தில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. கரை மறைந்ததும் கழற்றிவிடுவார்கள். வெக்கையாம், பாரமாம், வலை இழுக்கும்போது கயிற்றில் கொளுவுமாம். சிலருக்கு அது தலையணை. சிலர் வாங்கிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிப்பதில்லை, புதுசு பழுதாகிவிடும் என்று.

எட்வின் என்ற மீனவன் போன வருடம் அப்படித்தான் போனான். களனி கங்கை கடலில் விழும் இடத்தில் படகு கவிழ்ந்தது. உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது. படகின் முன்பெட்டியைத் திறந்தபோது அங்கி உறைக்குள், ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. அன்று காலை படிவத்தில் 'உயிர்காப்பு அங்கி உண்டு' என்று சரி போட்டவர் ஜெகதீஸ்வரி. பொய்யில்லை, அங்கி இருந்ததுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஒரு உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. சாவீட்டில் எட்வினின் தங்கை ஷெரோமி அவரை ஏறிட்டுப் பார்த்தாள், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்று ஜெகதீஸ்வரிக்குத் தோன்றியது. அதன்பின் கரையில் எப்போது கண்டாலும் ஷெரோமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவளுடைய கணவன் தர்ஷன்தான் இப்போது எட்வினின் படகை ஓட்டுகிறான். அங்கியை அதிகம் கேலி பண்ணுகிறவனும் அவனே.

"இன்னொரு சாவீட்டுக்கு நான் போகமாட்டன்," என்று ஜெகதீஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டார். வழக்குப் போட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் வைகாசியில், கரையோரத்துச் சின்ன அந்தோனியார் கோயிலின் திருநாள் நெருங்கியபோது, ஒரு யோசனை வந்தது. திருநாளன்று படகுகளைச் சோடித்து நிறுத்துவார்கள். ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மந்திரித்த படகில் ஒருவனும் எச்சில்கூடத் துப்பமாட்டான். அப்படியென்றால் அங்கிகளையும் மந்திரித்தால்?

நெற்றியில் திருநீற்றோடு போய் நின்ற பரிசோதகரைப் பார்த்து ஃபாதர் சிரித்தார். உடனே சம்மதித்தார். திருநாளன்று நாற்பத்தாறு அங்கிகள் பீடத்தின் முன் அடுக்கப்பட்டன. செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபோது, முரட்டு ஆண்களெல்லாம் குழந்தைகளைப்போலக் கைகட்டி நின்றார்கள். இருபத்திரண்டு வருடத்தில் செய்த ஒரே புத்தியான வேலை இதுதான் என்று ஜெகதீஸ்வரி அன்று முழுக்கப் பூரித்துப் போயிருந்தார்.

மறுநாள் காலை கரைக்குப் போனார். ஒரு படகில்கூட அங்கி இல்லை. முன்பெல்லாம் அவருக்குக் காட்டவாவது போட்டவர்கள், இப்போது வெறும் மேலோடு நின்றார்கள்.

"ஜக்கெட் எங்க?"

"வீட்டில மிஸ்," என்றான் தர்ஷன்.

"வீட்டுக்குள்ள என்ன கடலோ கிடக்கு?"

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? மந்திரிச்ச சாமான். மீன் செதிளும் டீசலும் படுற இடத்தில வைக்க ஏலுமா? பாவம் வந்துடும்."

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அதில் கேலியே இல்லை, உண்மையான பயபக்தி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஜக்கெட் இல்லாமல் ஒரு படகும் வெளிக்கிடக் கூடாது," என்று கோலை மணலில் ஊன்றினார். கடல் அமைதியாக இருந்த நாள் அது, நல்ல மீன் கிடைக்கும் நாள். பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியது.

நேரே தர்ஷனின் வீட்டுக்குப் போனார். அந்த வாசலில் கால் வைக்க ஒரு வருடமாக அவருக்குத் துணிவில்லை. உள்ளே அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் அங்கி, பிளாஸ்டிக் மாலையோடு ஆணியில் தொங்கியது. சிவப்புப் பல்ப் ஒன்றும் எரிந்தது. ஷெரோமி அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஷெரோமி, நான் உங்கட சமயக்காரி இல்லை. பிழையாக் கதைச்சால் மன்னியுங்கோ. அந்தத் தீர்த்தம் சுவருக்குத் தெளிச்சதில்லை. கடலுக்குப் போற மனிசருக்குத் தெளிச்சது. அது அவரோட போகட்டும்."

ஷெரோமி சுரூபத்தைப் பார்த்தாள், அங்கியைப் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அங்கியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கரைக்கு நடந்தாள். ஜெகதீஸ்வரி பின்னால் ஓடவேண்டியிருந்தது.

"கையைத் தூக்குங்க," என்றாள் கணவனிடம்.

"ஆக்கள் பாக்குறாங்க, ஷெரோமி."

"பாக்கட்டும். அந்தோனியாரை வீட்டில பூட்டி வச்சிட்டு நீங்க மட்டும் தனியாப் போகப் போறீங்களா?"

கரை கொல்லென்று சிரித்தது. தர்ஷன் காதுவரை சிவந்து கையைத் தூக்கினான். அவள் மூன்று பட்டியையும் இழுத்துப் பூட்டினாள். "மந்திரிச்ச சாமான். நடுக்கடல்ல கழட்டி மிதிச்சா என்ன ஆகுமெண்டு உங்களுக்கே தெரியும்," என்றாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சற்று நேரத்தில் மற்ற வீடுகளிலிருந்தும் பெண்கள் அங்கிகளோடு வரத் தொடங்கினார்கள். அன்று புறப்பட்ட படகுகள் தூரத்தில் புள்ளியாகும்வரை ஜெகதீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவனும் கழற்றவில்லை. எந்தப் பயபக்தி அங்கியை ஆணியில் மாட்டியதோ, அதுவே இப்போது அதை உடம்போடு பூட்டி வைத்தது.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் காற்று திடீரென்று மாறியது. தர்ஷனும் அவனோடு தொழிலுக்குப் போகும் திலக்ஷனும் திரும்பும் வழியில், அதே ஆற்று வாயில், படகு கவிழ்ந்தது. செய்தி கேட்டு ஜெகதீஸ்வரி கரைக்கு ஓடிவந்தபோது ஷெரோமி தண்ணீரில் முழங்கால்வரை நின்றாள். இரண்டு பெண்களும் ஒன்றரை மணித்தியாலம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வேறொரு படகு வந்தது. அதில் இரண்டு செம்மஞ்சள் உருவங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஷெரோமி கணவனின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அங்கிக்கு மேலே அடித்ததால் அவனுக்கு வலிக்கவில்லை. ஜெகதீஸ்வரி சீருடையோடு அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். யாரும் சிரிக்கவில்லை.

யாரோ பக்கத்தில் வந்து குந்தினார்கள். ஷெரோமி. முகத்தைத் திருப்பாமல் அவரையே பார்த்தாள்.

"அண்ணன்ட படகுப் பெட்டிக்குள்ளயும் ஜக்கெட் இருந்திச்சு, மிஸ். போடாதது அவன். உங்க மேல கோவத்தை வச்சா அவன் மேல கோவிக்கத் தேவையில்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் கதைக்கேல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழும்பி வாங்க. வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

ஜெகதீஸ்வரி "ஓம்," என்று மட்டும் சொல்லி, அவள் நீட்டிய கையைப் பிடித்து எழுந்தார்.