ஜாவ் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருஷமெல்லாம் மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லை பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் பிசிறு வெட்டினேன். மோல்டிங் மிஷினிலிருந்து வரும் வாளியின் விளிம்பைக் கத்தியால் சீவுகிற வேலை. வடக்கேயிருந்து ஆட்கள் வந்தபோது, மூத்தவள் என்று என்னை அவர்களுக்கு வேலை சொல்ல வைத்தார்கள். எனக்கோ முகம் பார்த்துப் பேசவே கூச்சம்.

சூப்பர்வைசர் அண்ணாச்சி சொன்னார்: "பத்து இந்தி வார்த்த போதும் ஆச்சி. உட்டாவோன்னா தூக்கு, ரக்கோன்னா வையி, ஜல்தின்னா வெரசா, ஜாவ்னா போ. இதுக்கு மேல படிச்சு டெல்லிக்கா போகப்போறிய?"

பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சுனிதா என்ற பெண் எனக்கு எதிரே உட்கார்ந்து சீவுவாள். அவள் முதலில் கற்ற தமிழ், "சாப்ட்டியளா ஆச்சி?" தினமும் மத்தியானம் கேட்பாள். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

"அவ நெல்லைக்காரியாவே ஆயிட்டா. நீங்க இன்னும் ஜல்தி ஜல்தின்னே வெரட்டுதிய."

நீ சாப்பிட்டாயா என்று சுனிதாவைத் திருப்பிக் கேட்க எனக்கு இந்தி தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பையோடு கேட்டில் நின்றாள். ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று கையைக் காட்டி விளக்கினாள். கடைசியாக என்னவோ கேட்டாள். அதில் 'வாபஸ்' என்பது மட்டும் காதில் விழுந்தது. தேர்தலில் மனுவை வாபஸ் வாங்குவார்களே, அப்படி வேலையை விட்டுவிடுகிறாள் என்று நினைத்தேன். புறப்படுகிறவர்களிடம் வெறுமனே போ என்று நாம் சொல்ல மாட்டோம். போயிட்டு வா என்று சொல்லத்தான் நினைத்தேன். தெரிந்தது ஒன்றுதான். முதுகைத் தடவி, "ஜாவ், ஜாவ்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மிஷினில் நிற்கிற ரமேஷ் கேட்டான். அவனும் வடக்கத்திக்காரன்தான், வந்து பல வருஷமாகித் தமிழ் பேசுவான்.

"ஆச்சி, சுனிதாவ ஏன் வரவேண்டாம்னிய?"

"நான் எப்பம்லே சொன்னேன்?"

"திரும்பி வரட்டுமான்னு கேட்டிருக்கா. வாபஸ்னா திரும்பன்னு அர்த்தம். நீங்க போ போன்னிருக்கிய. இப்பம் சூரத்துல வேலைக்குச் சேந்துட்டா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"போயிட்டு வான்னு உங்க பாஷையில எப்படிச் சொல்லணும்?"

"ஜாக்கே ஆனா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நம்மைப் போலவே அவர்களும் போகச் சொல்லும்போதே வரவும் சொல்கிறார்கள். அன்றுதான் அந்தப் பாஷை எனக்கு வேற்றுப் பாஷையாகத் தோன்றவில்லை. சொல்லத்தான் அவள் எதிரே இல்லை.

வேலைக்காக வேறு பாஷை படிக்கிற பிள்ளைகளே, வேலை வாங்குகிற வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். சாப்பிட்டாயா என்பதையும், போய்வா என்பதையும் முதலில் கேட்டு வையுங்கள்.

'ஜாக்கே ஆனா' என்பதை ரமேஷ் சொல்லக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். இந்தி தெரிந்தவர்கள் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதிலும் தப்பு இருந்துவிடக் கூடாது.